மலைநாட்டில் தனியாக ஒரு நாள் சைக்கிள் பயணம்: தயாரிப்பிலிருந்து திரும்புவது வரை முழுமையான வழிகாட்டி

சமவெளியில் 40, 50 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓட்டுகிறவர், முதன்முறையாக ஏற்ற இறக்கமான உள்நாட்டுப் பகுதிக்குத் தனியாகப் போய் அன்றே திரும்ப நினைத்தால், இந்த வழிகாட்டி அவருக்கானது.

முதல் தனிப்பயணம் போய்த் திரும்பும் புதியவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டுக் குறித்து வைப்பது என் பழக்கம். கால் வலுவில்லாமல் திணறியவர்கள் அதில் மிகக் குறைவு. பெரும்பாலோர் திணறியது, முடிவெடுக்கத் தாமதித்ததால். பிற்பகல் இரண்டு மணிக்கு, வியர்த்துக் களைத்த நிலையில், "இன்னும் ஒரு மேடுதானே" என்று தோன்றும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் "போதும், திரும்பலாம்" என்பார். தனியாகப் போகிறவருக்கு அந்தக் குரல் கிடையாது. அதனால் முக்கியமான முடிவுகளை வீட்டிலேயே, தலை தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகவே.

1. பாதையை உயரத்தால் அளந்து பாருங்கள்

புதியவர் முதலில் பார்ப்பது தூரத்தை. மலைநாட்டில் முதலில் பார்க்க வேண்டியது மொத்த ஏற்றத்தை. புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே மட்டத்தில் இருக்கலாம். நடுவில் பத்து முறை ஏறி இறங்கினால் அந்தப் பத்து ஏற்றமும் உங்கள் கால் கணக்குதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நீங்களும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். இந்த எடையை 100 மீட்டர் உயரம் தூக்க ஏறக்குறைய 88,000 ஜூல் ஆற்றல் வேண்டும். நாள் முழுக்கத் தாங்கும்படி நிதானமாக மிதிப்பவர் ஏற்றத்துக்கென்று 100 வாட் கொடுத்தால், 100 மீட்டர் ஏற 15 நிமிடம் ஆகும். இதிலிருந்து ஒரு எளிய விதி: ஒவ்வொரு 15 கிலோமீட்டருக்கும் 1 மணி நேரம், அதன் மேல் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 15 நிமிடம்.

60 கிலோமீட்டர் பாதையில் 900 மீட்டர் ஏற்றம் இருந்தால், தூரத்துக்கு 4 மணி, ஏற்றத்துக்கு 2 மணி 15 நிமிடம். இது மிதிக்கும் நேரம் மட்டும். நின்று தண்ணீர் குடிப்பது, வழி பார்ப்பது, ஒரு பஞ்சர் எல்லாம் சேர்த்துக் கால் பங்கு கூட்டுங்கள். 8 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அதே 60 கிலோமீட்டரைச் சமவெளியில் 3 மணி நேரத்தில் முடித்தவர் இந்த எண்ணை நம்ப மறுப்பார். நம்பிவிட்டுப் புறப்படுவது நல்லது. முதல் பயணத்துக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் போதும்.

அடுத்து, சரிவைப் பாருங்கள். 100 மீட்டர் முன்னே போகையில் 8 மீட்டர் மேலே ஏறினால் அது 8 சதவீதச் சரிவு. 3, 4 சதவீதம் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். 6 முதல் 8 வரை உழைப்பு. 10க்கு மேல் போனால் சுமையோடு இருக்கும் புதியவர் இறங்கித் தள்ள நேரிடலாம். சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சராசரி 4 சதவீதம் என்று காட்டும் சாலைக்குள் 12 சதவீதத்தில் 300 மீட்டர் ஒளிந்திருக்கும். வரைபடச் செயலி காட்டும் உயர வரைபடத்தை, அதாவது பாதை ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டை, பெரிதாக்கி, கோடு செங்குத்தாக நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுரங்கப்பாதையும் உயரமான பாலமும் உள்ள இடங்களில் செயலிகள் தவறான ஏற்றம் காட்டுவதுண்டு. அவை சாலையின் உயரத்தை விட்டுவிட்டு, அந்த இடத்து நிலத்தின் உயரத்தை எடுத்துக்கொள்வதுதான் காரணம்.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். பெரிய ஏற்றம் முற்பகலில் வரட்டும். கால் புதிதாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை: வெயிலடிக்கும் நாளில் மலைச்சரிவுகள் சூடாகி, பிற்பகலில் பள்ளத்தாக்கின் கீழிருந்து மேல்நோக்கிக் காற்று வீசும். திரும்பும்போது பள்ளத்தாக்கு வழியாக இறங்குகிறவருக்கு அது நேரெதிர்க் காற்று. "கடைசி 20 கிலோமீட்டர் இறக்கம், சும்மா உருண்டு வந்துவிடலாம்" என்று எண்ணி, மிதித்து மிதித்துச் சோர்ந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இறக்கத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாக, பாதையில் மூன்று "வெளியேறும் இடங்களை" குறியுங்கள். பேருந்தோ ரயிலோ கிடைக்கும் ஊர், குறுக்கே வீட்டுப்பக்கம் இறங்கும் சாலை, ஆள் நடமாட்டமுள்ள சந்திப்பு என எதுவாகவும் இருக்கலாம். தண்ணீர் நிரப்பும் இடங்களையும் கூடவே குறியுங்கள். இரண்டு தண்ணீர் இடங்களுக்கு நடுவே 2 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், கூடுதல் பாட்டில் வேண்டும்.

2. திரும்பும் நேரத்தை எழுதி வையுங்கள்

"பாதித் தூரம் போனதும் திரும்பலாம்" என்பது தவறான விதி. பாதி நேரம் ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். வட்டப் பாதை என்றால், குறிப்பிட்ட மணிக்குள் குறிப்பிட்ட சந்திப்பைத் தொடாவிட்டால் குறுக்குச் சாலையில் இறங்கிவிட வேண்டும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். சூரியன் மறையும் நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பு வீட்டில் இருப்பதாகத் திட்டமிடுங்கள். அந்த 2 மணி நேரம் கோளாறுகளுக்கான கையிருப்பு. மலைநாட்டில் இது மிகையில்லை. நாட்காட்டி சொல்லும் நேரத்துக்கு வெகுமுன்பே சூரியன் மேற்கு முகட்டுக்குப் பின்னால் போய்விடும். பள்ளத்தாக்குச் சாலை நிழலாகிக் குளிர்ந்துவிடும்.

திரும்பும் நேரத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டுங்கள். களைத்த மனம் எண்களைத் தனக்கு வசதியாக மாற்றிக்கொள்ளும். தாளில் எழுதியது மாறாது.

பிறகு வீட்டிலோ நட்பிலோ ஒருவரிடம் மூன்று விஷயங்கள் சொல்லுங்கள்: எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்கு மேல் தகவல் வராவிட்டால் தேடத் தொடங்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் வீட்டிலிருப்பவர் எப்போது கவலைப்படுவது என்று தெரியாமல் தவிப்பார். வழியில் பாதையை மாற்றினால், மாற்றும் முன்பே தகவல் அனுப்புங்கள். மாற்றிய பின் சிக்னல் கிடைக்காமல் போகலாம்.

3. சைக்கிளை இரண்டு நாள் முன்பே பாருங்கள்

புறப்படும் காலையில் பார்த்தால் கோளாறு தெரியும், சரிசெய்ய நேரம் இருக்காது.

முதலில் கியர். மலைக்கு வேண்டியது தாழ்ந்த கியர். ஏன் என்பதை எண்ணால் பார்க்கலாம். பெடலோடு சுற்றும் முன்பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 34 பல் என்றால், பெடலை ஒரு சுற்று மிதிக்கப் பின்சக்கரமும் ஒரு சுற்று சுற்றி ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும். 8 சதவீத ஏற்றத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க, 90 கிலோவை மேலே தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 150 வாட் தேவை. நாள் முழுக்க அது பலருக்கு முடியாது. முன்னால் 26 பல், பின்னால் 36 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.5 மீட்டர்தான் நகரும். அதே 60 சுற்றுக்கு 107 வாட் போதும். மெதுவாகப் போவீர்கள், ஆனால் போவீர்கள். உங்கள் சைக்கிளில் முன்பல்சக்கரத்தின் பற்களையும் பின்னால் பெரிய பல்சக்கரத்தின் பற்களையும் எண்ணுங்கள். பின்னது முன்னதைவிடப் பெரிதாக இல்லையென்றால், செங்குத்தில்லாத பாதையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது கடையில் கொடுத்துப் பின்சக்கரப் பல்வரிசையை மாற்றுங்கள்.

அடுத்து பிரேக். பிடியை முழுவதும் அழுத்தினால் அது ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. கட்டைகளில் உள்ள தேய்மானக் கோடு அழிந்திருந்தால் மாற்றுங்கள். சமவெளியில் ஒரு மாதம் தாங்கும் கட்டை, நீண்ட ஈர இறக்கத்தில் ஒரே நாளில் தேய்ந்துவிடக்கூடும்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் உச்ச வரம்பு. அதுவரை நிரப்ப வேண்டும் என்று பொருளில்லை. 35 மில்லிமீட்டர் அகல டயருக்கு, 90 கிலோ மொத்த எடையில், 45 முதல் 60 பிஎஸ்ஐ சரியாக இருக்கும். பின்சக்கரம் அதிக எடை தாங்குவதால் அதற்குச் சற்றுக் கூடுதல். கல்லாக நிரப்பினால் கரடான சாலையில் துள்ளும், பிடிப்பும் குறையும்.

சீட் உயரம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். தாழ்வான சீட்டோடு ஆயிரக்கணக்கான முறை ஏற்றத்தில் மிதிப்பதுதான் முழங்கால் வலிக்கு வழக்கமான காரணம். இதை இரண்டு நாள் முன்பே சரிசெய்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பயணத்தன்று புதிய சீட், புதிய செருப்பு, புதிய கால்சட்டை எதுவும் வேண்டாம்.

4. எடுத்துச் செல்ல வேண்டியவை

பழுதுக்கு: சக்கர அளவுக்கும் வால்வு வகைக்கும் பொருந்தும் ஒரு டியூப், ஒட்டுப்பொருட்கள், இரண்டு டயர் லீவர், கைப்பம்ப், 4, 5, 6 மில்லிமீட்டர் அறுகோணச் சாவிகள் கொண்ட மடிப்புக் கருவி, செயின் கழற்றும் கருவி, ஒரு இணைப்புக் கண்ணி.

நான் அதிகம் பார்த்த தவறு இங்கேதான். பம்ப் இருக்கும், டியூப் இருக்கும், பம்பின் வாய் டியூபின் வால்வுக்குப் பொருந்தாது. புது டியூபில் மெல்லிய வால்வு, பம்பில் தடித்த வால்வுக்கான வாய். அதனால், எடுத்துப்போகும் அதே கருவிகளை மட்டும் வைத்து வீட்டிலேயே பின்சக்கரத்தைக் கழற்றி டியூபை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அரை மணி நேரம் செலவாகும். காட்டுச் சாலையில் தனியாக நிற்கும்போது அந்த அரை மணி நேரத்தின் அருமை தெரியும்.

உடலுக்கு: தலைக்கவசம், காற்றைத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை, விரல் மூடும் கையுறை, மழைக்கான ஒன்று. முன்விளக்கும் பின்விளக்கும் பகல் பயணத்துக்கும் அவசியம். மூடுபனியும் சுரங்கப்பாதையும் நேரம் பார்த்து வருவதில்லை.

கைபேசியில் வரைபடத்தை இணையமின்றி வேலை செய்யும்படி இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் பலவீனமான இடங்களில் கைபேசி அதைத் தேடித் தேடியே மின்சாரத்தைத் தீர்த்துவிடும். தேவையில்லாத நேரத்தில் விமானப் பயன்முறையில் வையுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் இயங்கும். பல நாடுகளில் 112 அவசர எண்ணாகச் செயல்படுகிறது. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறொரு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அந்த அழைப்பு போகும். எந்த சிக்னலும் இல்லாத பள்ளத்தில் அதுவும் போகாது. அதனால்தான் இரண்டாம் படியில் சொன்ன ஆள் முக்கியம். கொஞ்சம் ரொக்கமும், பெயர், இரத்தவகை, தொடர்பு எண் எழுதிய தாளும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

சுமையை முதுகில் போடாதீர்கள். முதுகுப்பை ஏற்றத்தில் வியர்வையைத் தேக்கும், தோளை இழுக்கும், எடையை உயர்த்தி வளைவில் ஆட்டும். சட்டத்தின் நடுவிலோ கேரியரின் பக்கவாட்டில் தாழ்வாகவோ கட்டுங்கள். கட்டியபின் சைக்கிளைத் தூக்கி ஒருமுறை கீழே தட்டிப் பாருங்கள். ஆடும் பை இறக்கத்தில் கழன்றுவிடும்.

5. புறப்படும் காலை

வெளிச்சம் வந்தவுடன் கிளம்புங்கள். காலையில் ஒரு மணி நேரம் தாமதித்தால், மாலைக் கையிருப்பில் ஒரு மணி நேரம் போய்விடும். முதல் அரை மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுங்கள். உற்சாகத்தில் முதல் மேட்டை வேகமாக ஏறியவர்தான் மூன்றாவது மேட்டில் தள்ளிக்கொண்டு வருகிறார்.

6. ஏறும் முறை

உரக்க ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்காமல் முடிந்தால் உங்கள் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு முட்டினால் வேகம் அதிகம். இரண்டு பேர் போனால் பேச்சிலேயே இது தெரிந்துவிடும். தனியாகப் போகிறவர் தானாகப் பேசிச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்திலும் இரண்டு முறையாவது செய்யுங்கள்.

கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே தாழ்த்துங்கள். செங்குத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால், இழுபட்டிருக்கும் செயின் பல்லிலிருந்து பல்லுக்கு ஏறாமல் கரகரக்கும், நழுவும், சிலசமயம் அறுந்தே போகும். தாமதமாகிவிட்டால் ஒரு வழி உண்டு. இரண்டு மிதி அழுத்தி வேகம் எடுத்து, அடுத்த அரைச் சுற்றில் பாரத்தைத் தளர்த்தி, அந்த நொடியில் மாற்றுங்கள்.

நிமிடத்துக்கு 70 சுற்று அளவில் மிதிக்கப் பாருங்கள். ஒரு காலை மட்டும் 15 நொடிக்கு எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு கிடைக்கும். 50க்குக் கீழே போனால் ஒவ்வொரு மிதியிலும் முழங்காலுக்குப் பாரம் கூடுகிறது என்று பொருள். கியர் இன்னும் இருந்தால் தாழ்த்துங்கள்.

உட்கார்ந்தே ஏறுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை 20 மிதி மட்டும் எழுந்து நின்று மிதித்தால் இடுப்புக்கும் அமரும் இடத்துக்கும் ஓய்வு கிடைக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பிடியை இறுக்கினால் தோள் இறுகும், தோள் இறுகினால் மூச்சு குறுகும்.

கொண்டை ஊசி வளைவில் உட்பக்கம்தான் அதிகச் செங்குத்து. அதே உயரத்தை அங்கே குறைந்த தூரத்தில் ஏற வேண்டியிருக்கிறது. உங்கள் ஓரம் உட்பக்கமாக வந்தால் வளைவுக்கு முன்பே ஒரு கியர் தாழ்த்துங்கள். செங்குத்தைத் தவிர்க்கச் சாலையின் இருபுறமும் பாம்பு போல வளைந்து ஏறாதீர்கள். மறைவான வளைவில் எதிரே வருபவருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது.

வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் கீழே போய் சைக்கிள் தள்ளாடத் தொடங்கினால் இறங்கித் தள்ளுங்கள். நடந்து தள்ளினால் மணிக்கு 4 கிலோமீட்டர் போகலாம். வித்தியாசம் மிகச் சிறிது. நின்று மூச்சு வாங்குவதானால் இருபக்கமும் தொலைவு தெரியும் இடத்தில் நில்லுங்கள். மேட்டில் மறுபடி புறப்பட, பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெடலைச் சற்று முன்னே உயரமாக நிறுத்தி, அதை அழுத்தும் அதே கணத்தில் பிரேக்கை விடுங்கள்.

7. பசிக்கும் முன் சாப்பிடுங்கள்

உடல் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 500 கிராம். தொடர்ந்து கடுமையாக உழைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பெருமளவு தீர்ந்துவிடும். தீர்ந்ததும் கால் காலியாகும், கை நடுங்கும், காரணமில்லாமல் எரிச்சலும் அழுகையும் வரும். அந்த நிலைக்குப் போனபின் சாப்பிட்டால் மீள அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

எனவே முதல் மணியிலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். உலர் திராட்சை, ரொட்டி, பேரீச்சை என்று எதுவானாலும் பழகியதையே கொண்டுபோங்கள். கொழுப்பு மிகுந்தது வயிற்றிலேயே தங்கும். கைபேசியில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும்படி வைத்து, அடிக்கும்போதெல்லாம் ஒரு வாய் உணவும் சில மடக்குத் தண்ணீரும் என்று பழகுங்கள். செங்குத்தில் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது. ஏற்றம் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர், கடும் வெயிலில் இன்னும் கூடுதல். வியர்வையில் உப்பும் போவதால் ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் இருக்கட்டும். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்துவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கும் அது ஆபத்தானது.

8. உச்சியில் 10 நிமிடம்

மேலே போனதும் பலர் செய்யும் முதல் வேலை படம் எடுப்பது. கடைசியில் எடுக்கலாம். முதலில், உடல் சூடு ஆறும் முன் மேல்சட்டையைப் போடுங்கள். உயரம் கூடக்கூட 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அதோடு இறக்கத்தில் காற்று வியர்வை ஈரத்தை உறிஞ்சும், கால்களோ வேலை செய்யாமல் சூடு தராது. நடுவழியில் விரல் மரத்தால் பிரேக்கை அழுத்த முடியாது.

பிறகு சாப்பிடுங்கள். இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், சக்கரங்களின் இறுக்கத்தையும் பைகளின் கட்டையும் தொட்டுப் பாருங்கள். அடுத்து ஹேண்டில்பாரில் ஒட்டிய தாளையும் கடிகாரத்தையும் ஒப்பிடுங்கள். நேரம் தாண்டியிருந்தால் அடுத்த மேடு வேண்டாம். வீட்டில் எடுத்த முடிவோடு இங்கே வாதம் செய்யாதீர்கள்.

9. இறங்கும் முறை

ஏறும்போது சேர்த்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றை எதிர்ப்பதில் போகும், மீதி பிரேக்கில் வெப்பமாகும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 15 மீட்டர் நகர்கிறீர்கள். பள்ளத்தைக் கண்டு கை அசையும் முன்பே 15 மீட்டர் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியும் சாலைக்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். முதல் பயணத்தில் 30, 35ஐத் தாண்ட வேண்டாம்.

பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது புதியவரின் இயல்பு. அப்படிச் செய்தால் வெப்பம் ஆற நேரமே கிடைக்காது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் ரிம் சூடாகி டியூபின் அழுத்தம் ஏறும், மிக நீண்ட செங்குத்தில் வெடிக்கவும் கூடும். டிஸ்க் பிரேக்கில் பிடிப்பு தளரும். உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். கை வலித்தாலோ கருகும் வாடை வந்தாலோ நின்று ஆறவிடுங்கள். ஆறும்வரை ரிம்மையும் டிஸ்க்கையும் தொடாதீர்கள், சுட்டுவிடும்.

வளைவுக்கான பிரேக், வளைவுக்கு முன்பு. சாய்ந்திருக்கும்போது டயரின் பிடிப்பு திருப்பத்துக்கே செலவாகிறது. அப்போது அழுத்தினால் வழுக்கும். நேராக இருக்கும்போதே குறைத்து, விட்டு, திரும்புங்கள். வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதன்மேல் எடையைப் போடுங்கள். பார்வை வளைவின் முடிவில் இருக்கட்டும். கண் போகும் இடத்துக்கே சைக்கிள் போகும். ஓரத்துக் கல்லைப் பார்த்துப் பயந்தால் கல்லை நோக்கியே போவீர்கள்.

அதிகம் நிறுத்துவது முன்பிரேக்தான். அதைக் கண்டு அஞ்சிப் பின்பிரேக்கை மட்டும் பிடிப்பவர் சக்கரத்தை இறுக்கி வழுக்க வைக்கிறார். உடலைப் பின்னுக்குத் தள்ளி இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். ஈர நாளில் ரிம் பிரேக் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிக்காது. வளைவுக்கு வெகுமுன்பே லேசாக அழுத்தி நீரைத் துடைத்துவிடுங்கள். மரநிழலில் காயாத ஈரம், பாசி, வளைவில் சேர்ந்த மணல், இரும்பு மூடிகள் இவற்றின்மேல் சாயவும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம்.

வேகத்தில் ஹேண்டில்பார் தானாக நடுங்கத் தொடங்கினால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். இரண்டு முழங்காலாலும் சட்டத்தின் மேல்குழாயை அணைத்து, மெதுவாக வேகம் குறையுங்கள். நடுக்கம் அடங்கிவிடும்.

10. வழியில் கோளாறு வந்தால்

பஞ்சர்: முதலில் சாலையை விட்டு விலகுங்கள். பின்சக்கரம் என்றால் கழற்றும் முன் செயினைச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் சுலபம். பழைய டியூபை எடுத்ததும் புதியதைத் திணிக்காதீர்கள். டயரின் உட்பக்கத்தை விரலால் மெல்லத் தடவி முள்ளையோ கண்ணாடியையோ தேடி எடுங்கள். இதை விட்டுவிட்டு இரண்டாவது டியூபையும் ஐந்து நிமிடத்தில் இழந்தவர்கள் நிறையப் பேர். டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள் காரணமில்லை. காற்று குறைவாக இருந்து ரிம் கடித்திருக்கிறது.

புது டியூபுக்கு வடிவம் வரும் அளவு மட்டும் காற்று விட்டு வையுங்கள், மடிப்பு விழாது. டயரை வால்வுக்கு நேரெதிரில் தொடங்கி ஏற்றி, வால்வு இருக்கும் இடத்தில் கையாலேயே முடியுங்கள். லீவரால் நெம்பினால் டியூபைக் கிள்ளிவிடும்.

செயின் அறுந்தால்: கெட்ட கண்ணியை எடுத்துவிட்டு இணைப்புக் கண்ணியைப் போடுங்கள். செயின் குறுகியிருக்கலாம். முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரம் என்ற சேர்க்கையை அன்று தவிர்த்துவிடுங்கள்.

வழி தவறினால்: குறுக்கே இறங்காதீர்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த சந்திப்புக்குத் திரும்பிப் போங்கள். மறுபடி ஏற வேண்டியிருந்தாலும் அதுவே குறைந்த செலவு.

நாய் துரத்தினால்: இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, முதுகு காட்டாமல் மெதுவாக நடங்கள். பெரும்பாலும் ஓடும் சக்கரத்தைத்தான் அது துரத்துகிறது.

இடி கேட்டால்: முகட்டை விட்டு இறங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

விழுந்தால்: உடனே எழாமல் உட்கார்ந்து கை, கால், கழுத்து ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். தலைக்கவசம் தரையில் மோதியிருந்தால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் பயணம் அங்கேயே முடிந்தது. அருகிலுள்ள வெளியேறும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், வீட்டுக்குச் சொல்லி, வண்டி பிடியுங்கள். தலை சுற்றினால், வாந்தி வந்தால், நகராமல் உதவியை அழையுங்கள். அந்தத் தலைக்கவசத்தை மறுபடி அணியாதீர்கள்.

11. கடைசி ஒரு மணி நேரம்

வீடு நெருங்க நெருங்கக் கவனம் தளரும், வாகனங்களோ கூடும். என்னிடம் வந்து சொன்னவர்களின் சின்னச் சின்ன விழுகைகளில் நிறைய இந்த நேரத்தில்தான். "வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று உணவை நிறுத்தாதீர்கள். ஊருக்குள் நுழையும் முன் ஒருமுறை நின்று, கடைசிப் பழத்தைச் சாப்பிட்டு, இரண்டு விளக்குகளையும் போட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

வந்ததும் முதல் வேலை, காத்திருப்பவரிடம் சொல்வது. குளிப்பதற்கு முன்பே செய்யுங்கள். அன்றிரவே ஹேண்டில்பாரில் ஒட்டிய தாளின் பின்பக்கத்தில், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உண்மையில் எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை லிட்டர் தண்ணீர் தீர்ந்தது, என்ன உணவு மிஞ்சியது என்று எழுதுங்கள். 100 மீட்டருக்கு 15 நிமிடம் என்று நான் சொன்னது பொதுக் கணக்கு. உங்களுக்கு 12 ஆகலாம், 20 ஆகலாம். அடுத்த பாதைக்கு அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.